ஐந்து துடிப்புக்கு மூன்று வருட ஆயுளா?

2016-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பிம் வான் டெர் ஹார்ஸ்ட், ரூபன் எப்பிங்கா உள்ளிட்டோர் செய்த வேலை. 2,65,046 பேரின் மரபணுத் தரவை அலசி, ஓய்வு நிலை இதயத் துடிப்போடு தொடர்புள்ள 64 மரபணு இடங்களைப் பட்டியலிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. மரபணு காரணமாக ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 துடிப்பு கூடுதலாக இருந்தால், எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் 20 சதவீதம் கூடுகிறது என்றார்கள். ஆயுள் கணக்கில் சொன்னால் ஆண்களுக்கு 2.9 வருடம், பெண்களுக்கு 2.6 வருடம் குறைவு.

ஐந்து துடிப்புக்கு மூன்று வருடம். இப்படி ஒரு எண் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஒரே வரியில் சொல்லிவிடலாம், தலைப்பாகவும் போட்டுவிடலாம்.

2023-ல் அதே குழு, இன்னும் பலரைச் சேர்த்துக்கொண்டு, ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் இன்னொரு கட்டுரை எழுதியது. இந்த முறை 100 ஆய்வுகள், 8,35,365 பேர், 352 இடங்களில் 493 மரபணு மாறுபாடுகள். இதில் மரபணு வழித் துடிப்புக்கும் மொத்த இறப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. நேர்கோட்டுத் தொடர்பும் இல்லை, வளைகோட்டுத் தொடர்பும் இல்லை. முந்தைய முடிவு தவறான நேர்மறையாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

இந்த இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்த குறிப்பு இது. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் பழைய பதிப்பில் சரியாக ஓடிய கணக்கு புதிய பதிப்பில் ஏன் வேறு விடை தருகிறது என்று தேடுவது எங்களுக்கு அன்றாட வேலை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாள வேகம் உண்டு. வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும். நரம்புகளின் கட்டுப்பாடே இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு சுமார் 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அறுவையில் நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால் அவர்களின் ஓய்வுத் துடிப்பு 90, 100 என்றே இருக்கும். மற்றவர்களுக்கு வேகஸ் நரம்பு பிரேக் மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் 60, 70 என்று இறங்கி வருகிறது.

ஆக, இந்த எண்ணை மாற்ற மரபணுவுக்குப் பல வழி இருக்கிறது. எச்சிஎன்4 என்ற மரபணு, கணுவின் தாளத்தை நடத்தும் அயனிக் கால்வாயை உருவாக்குகிறது. சிஎச்ஆர்எம்2, வேகஸ் நரம்பின் செய்தியை இதயத்தில் வாங்கும் ஏற்பியை உருவாக்குகிறது. எம்ஒய்எச்6-ம் டிடிஎன்-ம் இதயத் தசையின் புரதங்களுக்கானவை. ஒன்று கடிகாரம், ஒன்று பிரேக், மற்ற இரண்டும் எஞ்சின். துடிப்போடு தொடர்புள்ள இடங்களின் பட்டியலில் இந்த மூன்று வகையும் கலந்தே கிடக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே மரபணு பெரிய மாற்றம் செய்த உதாரணமும் உண்டு. 2006-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு இத்தாலியக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். எச்சிஎன்4-ல் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குத் துடிப்பு சராசரியாக 52, இல்லாத உறவினர்களுக்கு 73. துடிப்பு இவ்வளவு குறைவாக இருந்தும் அவர்களுக்குத் தொந்தரவு எதுவும் தெரியவில்லை. ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் அபூர்வம். நம்மில் பெரும்பாலோருக்கு நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள், ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் ஒரு துளியை ஏற்றியோ இறக்கியோ விடுகின்றன. கண்டுபிடித்த மாறுபாடுகளை எல்லாம் சேர்த்தாலும் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சில சதவீதத்தைத்தான் அவை விளக்கும்.

மரபணுவை ஏன் சாட்சிக்கு அழைக்கிறார்கள்

துடிப்பு அதிகம் உள்ளவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது பழைய செய்தி. பாரிஸில் 5,713 ஆண்களை சுமார் 23 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2005-ல் வெளியானது. ஓய்வுத் துடிப்பு 75-க்கு மேல் இருந்தவர்களுக்குத் திடீர் இதய மரண அபாயம், துடிப்பு மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வேறு பல நாட்டு ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

ஆனால் துடிப்பு ஏன் அதிகம்? உடற்பயிற்சி இல்லை, புகைப்பழக்கம், ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, இன்னும் வெளியே தெரியாத இதய நோய். இதில் எது ஆளைக் கொன்றது, துடிப்பா, அதன் பின்னால் இருந்ததா? வெறுமனே பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்வது ரொம்ப கஷ்டம்.

இங்கேதான் மெண்டலியன் ராண்டமைசேஷன் என்ற முறை வருகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் எந்த மாறுபாடு வரும் என்பது கருவிலேயே நடந்துமுடியும் ஒரு குலுக்கல். புகை பிடிக்க ஆரம்பிப்பதற்கும், வேலை போவதற்கும், நோய் வருவதற்கும் முன்னால் சீட்டு விழுந்துவிடுகிறது. துடிப்பைக் கூட்டும் சீட்டு விழுந்தவர்கள் நோயாலும் அதிகம் பாதிக்கப்பட்டால், துடிப்பே காரணம் என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

இந்த முறை எடுபட்ட இடமும் உண்டு. பிசிஎஸ்கே9 மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத அமெரிக்கக் கறுப்பினத்தவரை 2006-ல் ஆராய்ந்தார்கள். கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. பிறகு அதே புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் வந்தன, மாரடைப்பும் குறைந்தது. சீட்டு சொன்னதும் மருந்து சொன்னதும் ஒன்றாக இருந்தன. துடிப்பிலும் அப்படி நடக்கும் என்றுதான் 2016 கட்டுரையைப் படித்த பலரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

கணக்கு எங்கே பிசகியது

இயந்திரக் கற்றலில் கை வைத்தவர்களுக்கு ஒரு பாலபாடம் தெரியும். எந்தத் தரவில் மாடலைப் பயிற்றுவித்தாயோ, அதே தரவில் அதைச் சோதிக்காதே. சோதித்தால் மதிப்பெண் அள்ளும், வெளியே கொண்டுபோனால் கவிழ்ந்துவிடும்.

2016 கட்டுரையில் நடந்தது இதற்கு நெருக்கமான ஒன்று. யூகே பயோபேங்க் என்பது பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை 40–69 வயதுள்ள சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்து உருவாக்கிய தரவு வங்கி. மரபணு இடங்களைத் தேடியது அதில்தான். இறப்புக் கணக்கைப் போட்டதும் அதில்தான்.

இதில் என்ன கெடுதல்? ஒரு மாறுபாடு உண்மையில் துடிப்பை மிகச் சிறிதளவே பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் பலவீனமான கருவி என்கிறார்கள். தற்செயலாக அந்தத் தரவில் அந்த மாறுபாடு உள்ளவர்களில் புகைப்பவர்கள் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டார்கள். புகைப்பவர்களுக்குத் துடிப்பு அதிகம், ஆகவே மாறுபாடு துடிப்பைக் கூட்டுவதாகத் தோன்றும். அதே ஆட்கள் அதே தரவில் சீக்கிரம் இறக்கவும் செய்வார்கள், ஆகவே அந்த மாறுபாடு ஆயுளையும் குறைப்பதாகத் தோன்றும். குலுக்கலில் இருந்து வெளியே தள்ளிய புகைப்பழக்கம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. ஒரு மாறுபாட்டில் இது தூசு அளவுதான். பல மாறுபாடுகளைக் கூட்டும்போது தூசு குவிகிறது. குவிந்த விடை எந்தப் பக்கம் சாயும் தெரியுமா? பழைய, குழப்பமான பின்தொடர் ஆய்வுகள் சொன்ன அதே பக்கம். அதனால்தான் விடை பார்க்க நியாயமாகவே இருந்தது, யாருக்கும் உறுத்தவில்லை.

2023-ல் துடிப்புக்கான அளவை ஒரு கூட்டத்திலிருந்தும் நோய்க்கான அளவை வேறு கூட்டத்திலிருந்தும் எடுக்கும் இரு-மாதிரி முறையைக் கையாண்டார்கள். ஒரு கூட்டத்தில் தற்செயலாக விழுந்த தூசு இன்னொரு கூட்டத்தில் அதே இடத்தில் விழாது. இறப்புத் தொடர்பு மறைந்துவிட்டது. அதோடு விடாமல், பழைய கணக்குக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, பழைய ஒரு-மாதிரிக் கணக்கில் பலவீனமான கருவிகள் செய்த சாய்வே பெரும்பாலும் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எங்கள் வேலையில் ஒரு பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பாதி பாதியாக வெட்டித் தேடுவோமே, கிட்டத்தட்ட அதுதான். சொந்த வேலையின் மீதே இதைச் செய்தார்கள். இது பெரிய விஷயம்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் கண்ட 64 இடங்களை வேறு ஆய்வுக் கூட்டங்களில் சரிபார்த்திருந்தார்கள், அவை பொய்யில்லை. விழுந்தது இடங்களின் மீது கட்டிய இறப்புக் கணக்கு. இரு-மாதிரி முறைக்கும் ஒரு சாய்வு உண்டு. கருவி பலவீனமாக இருந்தால் விடையைப் பூஜ்யத்தை நோக்கி இழுக்கும். ஆனால் எட்டு லட்சம் பேரிடம் தேடி எடுத்த 493 மாறுபாடுகள் என்னும்போது அந்தக் கவலை வெகுவாகக் குறைகிறது.

மிஞ்சியது என்ன

இறப்புக் கணக்கு போனதும் துடிப்புக்கும் இதய நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிட்டதா? இல்லை. மிஞ்சியதுதான் இன்னும் சுவாரசியம். 2023 கட்டுரையின்படி, மரபணு வழித் துடிப்பு கூடினால்:

1. டைலேட்டட் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தளர்ந்து அறை விரிந்துபோகும் நோய், வரும் அபாயம் கூடுகிறது.
2. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும் நோய், வரும் அபாயம் குறைகிறது.
3. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதமும், குறிப்பாக இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டியால் வருவதும், குறைகிறது.

கட்டுரைச் சுருக்கத்தின் இந்தப் பட்டியலில் நாமெல்லாம் முதலில் பயப்படும் மாரடைப்பு இல்லை. இரண்டாவது, மூன்றாவது வரிகளைத் திருப்பிப் படியுங்கள். துடிப்பைக் குறைக்கும் மரபணுக்கள் தாளக் கோளாறையும் பக்கவாதத்தையும் கூட்டுகின்றன. துடிப்பு குறைந்தால் நல்லது என்ற பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

இதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. 2013-லேயே 1,81,171 பேர் வரை சேர்த்து நடந்த ஒரு ஆய்வு, துடிப்பைக் கூட்டும் மாறுபாடுகள் உள்ளவர்களுக்குச் சைனஸ் கணு தளர்ந்துபோகும் நோய் குறைவு என்று சொல்லியிருந்தது. அதே வருடம் ஸ்வீடனின் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஓடிய 52,755 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. அதிக முறை ஓடியவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் தாளக் கோளாறு அதிகம். இப்படிப் பல வருடம் நெடுந்தூரம் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு பொதுவாகக் குறைவு. பயிற்சி இதயத்தில் வேறு பல மாற்றங்களையும் செய்கிறது, அதனால் இதைத் தனி ஆதாரமாக நான் எடுக்க மாட்டேன். ஆனால் திசை ஒத்துப்போகிறது.

மருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தது

இவாபிரடின் என்ற மாத்திரை எச்சிஎன்4 கால்வாயைத்தான் தடுக்கிறது. தசையின் வலுவையோ ரத்த அழுத்தத்தையோ பெரிதாகத் தொடாமல் துடிப்பை மட்டும் குறைக்கும். நம் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனைக் கருவி கிடைக்காது.

2014-ல் வந்த சிக்னிஃபை ஆய்வில் இதயத் தமனி நோய் இருந்தும் இதயச் செயலிழப்பு இல்லாத 19,102 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் துடிப்பு 70 அல்லது அதற்கு மேல். மாத்திரை துடிப்பை சுமார் 10 குறைத்தது. இதய மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் மாத்திரைப் பிரிவில் 6.8 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 6.4 சதவீதம். பலன் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மட்டும் 3.8-லிருந்து 5.3 சதவீதமாக ஏறியது.

2016 கட்டுரையின் கணக்கை அப்படியே எடுத்தால், 10 துடிப்பு குறைத்தவர்களிடம் பெரிய நன்மை தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க உள்ள மரபணு வேறுபாடும் சில வருட மாத்திரையும் ஒன்றல்ல என்று சமாதானம் சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இரண்டு வருடம் முன்பே வந்த ஆய்வு பூஜ்யத்தையும் தாளக் கோளாறையும் காட்டி நின்றது. 2023-ன் மரபணுக் கணக்கு அதோடு அழகாகப் பொருந்துகிறது.

அதே மாத்திரை இன்னொரு இடத்தில் ஜெயித்தது. 2010-ன் ஷிஃப்ட் ஆய்வில் இதயம் ஏற்கெனவே தளர்ந்துபோன 6,500-க்கும் மேற்பட்டவர்களிடம், இதய மரணமும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் சேர்ந்த கணக்கு 18 சதவீதம் குறைந்தது. ஆக, துடிப்பைக் குறைப்பது நல்லதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. யாருக்கு, எந்த நோயில் என்று கேட்டால்தான் விடை உண்டு.

எனக்குள்ள குறைகள்

2023 கட்டுரையைப் பாராட்டிவிட்டேன். மூன்று குறையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கார்டியோமயோபதி முடிவு. எஞ்சின் மரபணுக்கள் என்று சொன்னேனே, டிடிஎன் அதில் ஒன்று. டைலேட்டட் கார்டியோமயோபதிக்கு மிக அதிகம் அறியப்பட்ட மரபணுக் காரணமே டிடிஎன் பிறழ்வுகள்தான். தசை சற்றே பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறையும், ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். அப்போது வேகம் நோயின் காரணம் இல்லை, நோயின் முதல் நிழல். இதைச் சமாளிக்கப் புள்ளியியல் சோதனைகள் உண்டு, ஆனால் நான் பார்க்க விரும்புவது இன்னும் எளிமையான ஒன்று. கடிகார மரபணுக்களை மட்டும் வைத்து ஒரு கணக்கு, எஞ்சின் மரபணுக்களை மட்டும் வைத்து ஒரு கணக்கு. இரண்டும் ஒரே விடை தந்தால் துடிப்பே காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். எஞ்சின் மட்டும் தந்தால் கதை வேறு.

இரண்டாவது, தரவில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினர். யூகே பயோபேங்கில் அழைக்கப்பட்டவர்களில் 5.5 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களும் சராசரி பிரிட்டிஷ்காரரைவிட ஆரோக்கியமானவர்கள். தெற்காசியர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முந்தைய முடிவு விழுந்தது என்ற செய்தி கட்டுரையின் தலைப்பில் இல்லை, சுருக்கத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. பழைய கட்டுரையைத் திறந்தால் 20 சதவீதமும் 2.9 வருடமும் அங்கேயே இருக்கின்றன. ஒரு மென்பொருள் பதிப்பில் முக்கியமான கட்டளையையே நீக்கிவிட்டு, அதை மாற்றக் குறிப்பின் பதினோராவது வரியில் எழுதினால் பயனர்கள் விடுவார்களா?

இதனால் யாருக்கு என்ன

என்னோடு வேலை செய்யும் முப்பது வயதுப் பையன் ஒருவன் எச்சில் மாதிரி அனுப்பி மரபணு அறிக்கை வாங்கியிருந்தான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அதில் “ஓய்வுத் துடிப்பு: மரபுரீதியாக உயர்வு” என்று சிவப்பில் ஒரு கட்டம், பக்கத்தில் ஆயுள் குறைவு பற்றி ஒரு வாக்கியம். “அண்ணா, வாட்ச்ல எப்பவும் 80 காட்டுது. மாத்திரை போட்டு 65-க்கு இறக்கிட்டா சரியாயிடுமா?” என்று கேட்டான். அந்த வாக்கியத்தின் அடியில் இருந்தது 2016 கட்டுரை.

அவனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, மரபணு காரணமாக ஏறிய துடிப்பு ஆயுளைக் குறைக்கிறது என்ற கணக்கை எழுதியவர்களே இப்போது நம்பவில்லை. இரண்டு, நோய் தளராத இதயத்தில் துடிப்பை மட்டும் மாத்திரையால் இறக்கியவர்களுக்கு நன்மை தெரியவில்லை, தாளக் கோளாறுதான் கூடியது. மூன்று, அதற்காக 80-ஐ அலட்சியம் செய்யாதே. அது ஸ்விட்ச் இல்லை, மீட்டர் முள். முள்ளைக் கையால் பிடித்து இழுத்தால் வண்டி சரியாகாது. முள் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்தசோகையா, தைராய்டா, தூக்கமா, புகையா, உட்கார்ந்தே இருக்கிறாயா? இதை டாக்டரிடம் போய்ப் பார், அறிக்கையிடம் கேட்காதே.

“அப்ப ஜீன் ரிப்போர்ட்ட என்ன பண்றது?” என்றான். பத்திரமாக வை, ஆனால் எந்த வருடத்துக் கட்டுரையை வைத்து எழுதினார்கள் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்து வை என்றேன். அறிக்கையில் அந்த வருடம் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. இப்படி ஒரு அறிக்கை உங்கள் கையிலும் இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.